வாடை அடித்த இரவும் எண்பது பக்கக் கொப்பியும்

2022 டிசம்பர் 9ஆம் திகதி விடியக் காலமை மாட்டுப் பட்டிக்குப் போன என் மகன் ஓடி வந்து, ஒன்றும் சொல்லாமல் முற்றத்தில் குந்திவிட்டான். நானும் மாமியும் போய்ப் பார்த்தோம். முதல்நாள் பின்னேரம் எண்ணி அடைத்தவை 31 மாடுகள். அதில் 14 விழுந்து கிடந்தன. இரண்டு கன்றுகள் தாயின் வயிற்றோடு ஒட்டியபடியே விறைத்திருந்தன. மாண்டஸ் புயல் எங்கள் பக்கம் கரையேறவே இல்லை. அது வங்கக் கடலில் ஏறிப்போய்த் தமிழ்நாட்டில்தான் கரை தொட்டது. எங்களுக்கு வந்தது அதன் வாடைக்காற்றும் விடாத தூவல் மழையும் மட்டும்தான். அந்த இரண்டு நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் குளிரில் செத்தன.

எங்களுடையது முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறு குளத்தின் கீழ் இருக்கும் ஊர். 60 குடும்பங்களுக்குக் கொஞ்சம் மேல். அன்று ஊரில் அழாத வீடு குறைவு. மாமி செத்த மாடுகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு சொன்னார்: "முந்தி வாடை துவங்கினால் மாட்டைக் காட்டுக்குள்ள ஏத்திப் போடுவம் பிள்ளை. பாலையும் வீரையும் கூரை மாதிரி நிக்கும். காத்து உள்ள வராது."

அந்தக் காட்டு ஓரத்தில் இப்போது எல்லைக்கல் இருக்கிறது. கல் போட்ட பிறகு மாட்டோடு உள்ளே போனவர்கள் மீது வழக்கு வந்தது. அதனால் பட்டியை வயல் வெளிக்கு மாற்றினோம். வெட்டவெளி, ஒதுங்க ஒரு மரமும் இல்லை. ஆகவே மாட்டைக் குளிர் கொன்றது என்று மட்டும் எழுதினால் கணக்கு முழுதாகாது. இழப்பீட்டுப் படிவத்தில் அதற்கு மேல் எழுத இடம் இருக்கவில்லை. பதிவு செய்து காதில் தகடு குத்திய மாட்டுக்குத்தான் படிவம் என்றார்கள். எங்கள் 14இல் தகடு இருந்தது ஐந்துக்கு. படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். நாற்றம் எடுக்க முன்னம் புதைத்துவிட்டிருந்தோம்.

இதற்கு 19 நாள் முன்னம், நவம்பர் 20ஆம் திகதி, எகிப்தில் ஷாம் எல் ஷேக் என்ற ஊரில் உலக நாடுகள் கூடி, காலநிலை மாற்றத்தால் இழப்புக்கு உள்ளாகும் ஏழை நாடுகளுக்கு ஒரு நிதியம் அமைப்பதென்று முடிவெடுத்திருந்தன. இழப்பு மற்றும் சேத நிதியம் என்று அதைச் சொல்கிறார்கள். எனக்கு அது பிறகுதான் தெரியவந்தது. இலங்கையில் ஒருவர் தலைக்கு வெளியேறும் காபனீரொட்சைட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு தொன். உலகச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். மாடு மேய்க்கிற எங்கள் ஊரில் அது இன்னும் எவ்வளவு குறைவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நிதியம் எப்போதாவது எங்கள் பக்கம் திரும்பினாலும், என்ன இழந்தீர்கள், எந்தத் திகதி, ஆதாரம் எங்கே என்றுதான் முதலில் கேட்கும். எங்களிடம் மாமியின் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது.

எங்கள் ஒன்றுகூடல் அங்கிருந்துதான் தொடங்கியது. இதை எழுதுவது வேறு குளத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில்தான்.

முதல் கூட்டம் குளக்கட்டில் ஐயனார் கோயிலுக்குப் பக்கத்து மருதமரத்தடியில் நடந்தது. அது சரிவரவில்லை. எல்லோரும் கோபத்தோடு வந்தோம், கோபத்தோடு போனோம். பேசியவர்கள் ஆறேழு ஆண்கள், எல்லோரும் ஏதாவது சங்கத்தில் பதவி வகித்தவர்கள். பட்டியில் இரவு காவல் கிடந்த ஆட்களும் பால் கறக்கிற பெண்களும் பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். காலநிலை நீதி என்ற சொல்லை ஒரு பொடியன் எடுத்துச் சொன்னான். ஒருவருக்கும் பிடிபடவில்லை. அடுத்த கூட்டத்தில் அதையே வேறு விதமாகக் கேட்டோம்: மழை பிழைத்ததற்கு ஆர் பொறுப்பு, நட்டம் ஆருக்கு? அன்று இருட்டும் வரைக்கும் சனம் கதைத்தது.

இரண்டாம் கூட்டத்தில் ஒரு ஒழுங்கும் வைத்தோம். பதவியில் இருப்பவர்கள் கடைசியாகப் பேச வேண்டும். முதலில் மாடு மேய்ப்பவர்கள், பிறகு தனியே குடும்பம் நடத்தும் பெண்கள், பிறகு வயதானவர்கள். எங்கள் ஊரில் போரில் கணவனை இழந்தவர்கள், காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் என்று பெண்கள் தனியே நடத்தும் குடும்பங்கள் நிறைய. காணிக்கான அனுமதிப்பத்திரம், பேமிட் என்பது, இன்னும் கணவர் பெயரில்தான் இருக்கும். அதனால் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்குக் கதிரை கிடைத்தாலும் குரல் கிடைக்காது. பேச்சு வரிசையை மாற்றியதும் எங்களுக்குத் தெரியாத ஊர் ஒன்று வெளியே வந்தது. எந்த வாய்க்கால் முதலில் காய்கிறது, எந்தக் கிணறு பங்குனியில் உவராகிறது, 2017 வரட்சியில் ஆர் ஆர் தாலிக்கொடியை அடகு வைத்தார்கள் என்றெல்லாம் அப்போதுதான் கேட்டோம். கூட்டம் பின்னேரம் நாலு மணிக்கு என்று வைத்ததும் முக்கியம். காலை கூட்டத்துக்குப் பெண்களால் வர முடியாது. இரவுக் கூட்டத்துக்கு யானைப் பயத்தில் ஒருவரும் வரமாட்டார்கள்.

இப்படிக் கேட்டதையெல்லாம் எழுதி வைக்க ஒரு கொப்பியை, உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பிள்ளை தொடங்கினாள். 80 பக்கக் கொப்பி. ஒரு பக்கத்தில் மழை: அகன்ற வாய் உள்ள நேர்ப் போத்தலை வெட்டவெளியில் வைத்து, அடிமட்டத்தால் அளந்து மில்லிமீற்றரில் எழுதுவாள். அடுத்ததில் குளத்து நீர்மட்டம்: துருசு என்ற மதகின் படிக்கட்டில் பெயின்றால் கோடு போட்டிருக்கிறோம். பிறகு செத்த மாடு, அழிந்த பயிர், இடிந்த கிணறு, திகதியோடும் தொலைபேசியில் எடுத்த படத்தோடும். கடைசிப் பக்கங்கள் எங்கள் பெரியையா ஒருவருடையவை. தூக்கணாங்குருவி கூட்டின் வாயை எந்தப் பக்கம் வைத்தது, ஈசல் எப்போது பறந்தது, பாலைப்பழம் எப்போது பழுத்தது என்று அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். சில வருடம் அவர் சொன்னது பொருந்தாது. பொருந்தாததையும் எழுதச் சொல்லி அவரே வற்புறுத்துவார். "எங்க பிழைக்குதெண்டு தெரிஞ்சால்தானே காலம் எங்க மாறினதெண்டு தெரியும்" என்பது அவர் கணக்கு.

இந்தக் கொப்பிக்கு இவ்வளவு இடம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. 2009இல் நாங்கள் ஊரை விட்டு ஓடியபோது பேமிட், பிறப்புச் சான்றிதழ், சங்கப் பதிவேடு எல்லாம் போயின. திரும்பி வந்தபோது குளக்கட்டு உடைந்து கிடந்தது. ஊருக்கு ஞாபகம் இருந்தது, காகிதம் இல்லை. காகிதம் உள்ளவர்கள் வந்து இது காடு, இது ஒதுக்கம், இது இன்னாருக்கு என்று சொன்னபோது எங்களால் மறுக்க முடியவில்லை.

2023இல் மட்டக்களப்பில் ஒரு மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே வாகரைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். தமிழ் பேசும் வேடர் சமூகம், தேன் எடுக்கிற குடும்பம். எங்கள் எல்லைக்கல் கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கல்லுப் போடக்குள்ள உங்களுக்கிட்ட ஆரும் கேட்டவங்களா?" எனக்கு அந்தக் கேள்வி அதுவரைக்கும் தோன்றியதே இல்லை. கல் போட்டது சரியா பிழையா என்றுதான் நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் நெடிய போராட்டம் இருக்கிறது. மதுறு ஓயா தேசியப் பூங்கா 1983இல் பிரகடனப்படுத்தப்பட்டபோது, அந்தக் காட்டிலேயே வாழ்ந்த வேடர்கள் வேட்டைக்கும் தேனுக்கும் போக முடியாதவர்களாக ஆனார்கள். அவர்கள் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ 1996இல் ஜெனீவா வரை போய் ஐ.நா. அமர்வில் தன் மக்களின் நிலையைச் சொன்னார். அவர்கள் தங்களை வன்னியல அத்தோ என்று அழைத்துக்கொள்கிறார்கள், காட்டு மனிதர் என்று பொருள். அந்தச் சொல்லில் வன்னி என்ற எங்கள் பக்கத்துப் பெயரைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 2007 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் சொல்கிறது: அவர்கள் நிலத்தைத் தொடும் எதையும் செய்வதற்கு முன்னம், வற்புறுத்தாமல், முழு விபரமும் சொல்லி, சம்மதம் பெற வேண்டும். இந்தியாவில் ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013இல் டோங்ரியா கோந்த் மக்களின் 12 கிராமசபைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடிச் சுரங்கம் வேண்டாம் என்று முடிவெடுத்தன. 12க்கு 12. அந்தக் கதையை நான் ஊரில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

நாங்களும் பழங்குடிகளா என்று ஊரில் கேட்டார்கள். இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அவர்கள் பட்ட பாட்டுக்குரிய பெயர். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் குளத்தைக் கட்டி வாழ்ந்த கமக்காரர். எங்களுக்கு முன்னம் இந்தக் காட்டில் ஆர் இருந்தார்கள் என்பதையும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வியைக் கடன் வாங்கலாம். "எங்களிடம் கேட்டீர்களா?"

அதைக் கேட்கும் சந்தர்ப்பம் அடுத்த வருடமே வந்தது. எங்கள் மேய்ச்சல் தரையில் மரம் நடும் திட்டம். காலநிலைக்காக என்று பெரிய பதாகை. நடப்போவது தேக்கு. மரம் நடுவதை ஆர்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் புல்லுத் தரையை வேலி அடைத்துத் தேக்கு வைத்தால் எங்கள் மாடு எங்கே போகும்? 2022இல் காட்டை விட்டு வெளியே வந்த மாடு, இப்போது வெளியையும் விட வேண்டுமா?

இங்கேதான் பழைய ஒரு தவறு எங்களுக்குப் பாடமானது. சில வருடம் முன்னம் வேறொரு நிறுவனம் ஊரில் கூட்டம் வைத்தது. சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள், வரவுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தாளின் மேற்பகுதி வெறுமையாக இருந்தது. பிறகு பார்த்தால் அதே தாள், ஊர் சம்மதித்தது என்ற கடிதத்தோடு சேர்ந்து மேசைக்கு மேசை போயிருந்தது. அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னம், "இது வரவைப் பதிவதற்கு மட்டும், சம்மதம் அல்ல" என்று தாளின் தலையில் எங்கள் கையாலேயே எழுதுவோம். எழுத விடாவிட்டால் கையெழுத்து இல்லை. இந்த ஒரு வரி எங்களுக்குச் செய்த உதவியை வேறெதுவும் செய்யவில்லை. வாசிக்கும் நீங்கள் இதை மட்டுமாவது உங்கள் ஊருக்குக் கொண்டு போங்கள்.

இன்னொன்று, அதிகாரிகள் வரும் கூட்டத்துக்கு முதல்நாள் நாங்கள் மட்டும் கூடுவோம். கூட்டத்தில் வைத்து முடிவெடுக்கத் தொடங்கினால் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்பதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள், பிறகு ஒரு பக்கத்தைப் பிடித்து வேலையை முடித்துவிடலாம். முதல்நாள் சண்டை பிடிப்போம், சில நேரம் கடுமையாகவே. மறுநாள் பேசுவது மூன்று பேர்தான், ஒவ்வொரு முறையும் வேறு மூன்று பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். ஒரே ஆள் எப்போதும் பேசினால், அவரை மடக்கினால் ஊரை மடக்கினதாகிவிடும்.

தேக்குத் திட்டத்துக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. கொப்பியைப் பார்த்து இரண்டு பக்கக் கடிதம் எழுதினோம். மாரியில் எத்தனை மாடு, எந்த மாதம் எந்தத் துண்டில் மேய்கிறது, மரம் வேண்டிய இடம் எது என்று. குளத்தின் அலைகரையில் மருதும் இலுப்பையும் புங்கும் நட்டுத் தாருங்கள், அங்கே மண் கரைந்து குளம் தூர்கிறது என்று கேட்டோம். கடிதத்தை இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் திகதியும் வாங்கி வந்தோம். மூன்று மாதம் பதிலே இல்லை. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதாவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பித்தோம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அது போன பிறகுதான் எங்களைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். பாதி நடுகை அலைகரைக்கு மாறியது. மீதிப் பாதி மேய்ச்சல் தரையில்தான் நிற்கிறது, வேலியோடு. முழுதாக வென்றோம் என்று சொல்ல மாட்டேன்.

பசுமைத் திட்டம் என்றால் எல்லாம் நல்லது என்று இப்போது நாங்கள் நினைப்பதில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டம் ஒன்று இருந்தது. பறவைகள், மீன்பாடு, காணி என்று மக்கள் எவ்வளவோ சொன்னார்கள், வழக்கும் போட்டார்கள். 2025 பெப்ரவரியில் அந்தத் திட்டத்தை எடுத்திருந்த நிறுவனம் விலகியது, மின்சார விலையை அரசாங்கம் திரும்பப் பேசத் தொடங்கிய பிறகு. விலகியது மக்களுக்கு ஆறுதல்தான். ஆனால் அதைத் தீர்மானித்தது விலைப் பேச்சு, மக்களின் சம்மதம் அல்ல என்பது எனக்கு உறுத்துகிறது. விலை படிந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு வருபவர்களுக்கு வெளியார் கொடுக்கும் படிக்காசு ஊரைக் கெடுக்கும். படி உள்ள கூட்டத்துக்கு நூறு பேர், இல்லாத கூட்டத்துக்குப் பத்துப் பேர் என்றாகிவிடும். எங்கள் ஆச்சிமார் காலத்துப் பிடியரிசியைத் திரும்பத் தொடங்கினோம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக ஒரு பேணியில் போடுவது. மாதக் கடைசியில் சேர்த்து விற்றால் பஸ் காசு, போட்டோக்கொப்பி, தொலைபேசிக்கு றீலோட் எல்லாம் அதிலேயே நடக்கிறது. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகிற மூன்று பேர் ஊர் அரிசியில் போகிறார்கள் என்றால் அவர்கள் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

எங்கள் குளம் தனிக் குளம் இல்லை. மேலே ஒன்று, கீழே இரண்டு, தொடராக இருக்கின்றன. மேல்குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் எங்களிடம், எங்களது பாய்ந்தால் கீழே. 2018 டிசம்பரில் இரணைமடுப் பெருங்குளம் நிரம்பிக் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதே இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டு போகும் திட்டத்தைக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். நியாயமான எதிர்ப்புதான், சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாமல் பங்கு பிரித்து விதைக்கிற இடம் அது. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்தது, 2024இல் திறந்தார்கள். ஆனால் அந்த வருடங்களில் குடிநீர் கேட்ட சனமும் வயலுக்குக் கேட்ட சனமும் ஒரு பாயில் இருந்து கதைத்தது போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு பக்கமும் எங்கள் சனம்தானே.

அதனால் கீழ்க்குளத்து ஊர்களுக்குக் கொப்பியின் படத்தை ஒவ்வொரு ஞாயிறும் வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். மேல்குளத்து ஆட்கள் எங்களுக்கு அனுப்புகிறார்கள். தொடங்கியபோது பழைய வாய்க்கால் சண்டை ஒன்று குறுக்கே நின்றது. இரண்டு ஊர்ப் பெண்களும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒன்றாக உழவு மெசினில் போய் வந்த பிறகுதான் அது இளகியது. 2024 நவம்பர் பெருமழையில் மேல்குளத்திலிருந்து இரவு பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது: "அக்கா, வான் முட்டுது." நாங்கள் கீழே அழைத்தோம். விடிவதற்குள் மூன்று ஊரிலும் பள்ளத்து வீடுகளில் இருந்த சனம் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டது. எங்கள் ஊரில் அன்று ஒரு கன்று மட்டும் போனது. அதையும் படம் எடுத்து எழுதினோம்.

2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்தபோது கொப்பி மூன்றாவதுக்கு மாறியிருந்தது. வாடை துவங்கிய அன்றே மாடுகளைக் காட்டு ஓரத்து மேட்டுக்கு ஏற்றினோம், எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமாக, ஒரு வரிசை மரத்தின் மறைவில். மாமி சாக்குத் துண்டுகளைத் தைத்துக் கன்றுகளுக்குப் போர்த்தினார். எங்கள் பட்டியில் ஒன்றும் சாகவில்லை. பக்கத்துப் பட்டியில் நாலு போனது. மரம் அத்தனை மாட்டுக்கும் போதவில்லை.

அந்த மேட்டையும் அதையொட்டிய காட்டுத் துண்டையும் மாரிக்கால ஒதுங்கிடமாக விடச் சொல்லி இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறோம், மூன்று ஊரின் கையெழுத்தோடும் மூன்று கொப்பியின் பிரதிகளோடும். கல் போட்டபோது எந்த ஊரிடம் கேட்டார்கள், அதற்கான கூட்டக் குறிப்பு எங்கே என்று தகவல் உரிமை விண்ணப்பமும் சேர்த்துப் போட்டோம். 14 வேலை நாட்கள் வருகிற புதன்கிழமையோடு முடிகிறது. வியாழன் காலை ஏழு மணி பஸ்ஸில் மூன்று பேர் போகிறார்கள். இந்த முறை மாமியும் ஒருவர்.